மழையில் மடக்கிய குடை

1

நான் வேலை செய்கிற திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், மலைப்பாதை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு மரப்பலகை நட்டிருக்கிறார்கள். "இலகுவான நடை. இரண்டு மணி நேரம். சிறு பிள்ளைகளும் போகலாம். பழைய கோட்டைகள் மூன்று. பள்ளத்தாக்கின் அழகிய காட்சி." மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறது. வட இத்தாலியில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து பதினான்கு வருடம். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். ஒரு நாளும் காட்சி பார்க்க மேலே போனதில்லை. மலையில் கூடையோடு ஏறிப் பழகிய உடம்பு இது. சும்மா ஏறு என்றால் அதற்கு விளங்காது.

பழம் வெட்டி முடிந்த பிறகு, ஒவ்வொரு வருடமும் முதலாளி வேலையாட்களையும் அவர்கள் குடும்பத்தையும் மேல் கோட்டை வரை நடத்திக் கூட்டிப்போவார். மேலே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போன வருடத்து வைனும் கிடைக்கும். நான் ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்துவிடுவேன். இந்த வருடம் போக வேண்டியதாயிற்று. மகள் தர்ஷினி விடவில்லை.

"நானும் வர்றேன். நீங்களும் வாங்க. பேசணும்" என்றாள்.

என்ன பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குப் பதினேழு வயது. டிசம்பர் விடுமுறையில் பள்ளித் தோழிகள் இரண்டு பேரோடும், அதில் ஒருத்தியின் தாயோடும் இலங்கைக்குப் போக வேண்டும். தேயிலை மலைகளில் நடக்க வேண்டுமாம். பதினெட்டு ஆகாதபடியால் தகப்பன் கையெழுத்து வேண்டும். அந்தக் கடிதம் மூன்று கிழமையாக என் ஜாக்கெட் பையில் மடிந்து கிடந்தது. ஏன் போடவில்லை என்று அவளுக்குச் சொல்லவில்லை. பதுளைப் பக்கம் இதை வாசிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர்கள் தங்குவதற்குப் பதிவு செய்திருக்கிற இடம், நான் பிறந்த தோட்டத்தின் பழைய பங்களா. பூனாகலைக்கு மேலே இருக்கிறது. தோட்டத்தின் பெயர் வேண்டாம், என் அக்கா லெட்சுமி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தோட்டத்து மேலாளர்களான துரைமார் குடியிருந்த அந்தப் பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்குத் தோட்டமே நடத்துகிற விடுதி. அக்கா அதன் பின் வாசலால் போய், படுக்கைத் துணி துவைத்து, கக்கூஸ் கழுவி, பின் வாசலாலேயே திரும்பி வருகிறாள். என் மகள் முன் வாசலால் போகப் போகிறாள். அவளுடைய அத்தை அங்கே வேலை செய்வது அவளுக்குத் தெரியாது.

அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"வரட்டும்டா தம்பி. நான் கழுவுற பங்களாவுல நம்ம புள்ள கால நீட்டிப் படுக்கட்டும். நானே மெத்தைய தட்டி விரிச்சு வைக்கிறேன்."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பாதி வழியில் மழை பிடித்தது. பெரிய மழை இல்லை, நம்ம ஊரில் இதைத் தூறல் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். எல்லோரும் குடையை விரித்தார்கள், நானும் விரித்தேன். பாதை ஒடுக்கம். ஒரு பக்கம் கல்லடுக்கிய சுவர், மறுபக்கம் தண்ணீர் ஓடுகிற கான். பின்னால் ஜீப் சத்தம் கேட்டது. முதலாளியின் தகப்பன். எண்பது தாண்டியவர், நடக்க முடியாது, அதனால் ரொட்டியையும் வைனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மேலே வருகிறார்.

நான் பாதையை விட்டுக் கானில் இறங்கினேன். குடையை மடக்கினேன். மடக்கிய குடையைத் தொடையோடு சேர்த்துப் பிடித்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். யோசித்துச் செய்யவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது.

கிழவர் ஜீப்பை நிறுத்தினார்.

"என்ன, குடை உடைந்துவிட்டதா? ஏறு. பக்கத்தில் இடமிருக்கிறது."

"இல்லை ஐயா, நல்லாத்தான் இருக்கு."

"பிறகு ஏன் தண்ணீருக்குள் நிற்கிறாய்?"

என்னோடு வேலை செய்கிற ருமேனியாக்காரன் விடுவானா? "அவன் கிழமைக்கு ஒரு தரம்தான் குளிப்பான். இன்றைக்கு மழையில் கணக்கை முடித்துக்கொள்கிறான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார். என் சப்பாத்துக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டது. நானும் சிரித்தேன்.

மகள் சிரிக்கவில்லை. ஜீப் போன பிறகு கிட்ட வந்து, தமிழில், மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, ஏன் குடைய மடக்குனீங்க?"

"காத்து."

"காத்து அடிக்கலயே."

2

எங்கள் அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை வெட்டுகிற கத்தி தவிர, அவர் தன் பெயரில் வாங்கிய ஒரே பொருள் ஒரு குடை. தோட்டத்தில் அந்தக் காலத்தில் குடை பிடிக்கிறவர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும்தான். கொழுந்தெடுக்கிற பெண்களுக்குத் தலையில் கம்பளி, இடுப்பில் படங்குச் சாக்கு. அப்பா பண்டாரவளையில் குடை வாங்கப் போனபோது கடைக்கார முஸ்லிம் நானா, "என்னா அண்ணே, கங்காணியாகப் போறீங்களா?" என்று கேட்டாராம். அப்பா அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். கேலி என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த வருட ஐப்பசியில் அக்காவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதினெட்டு வயது, எனக்குப் பதினான்கு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அக்காவை நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, அப்பா அவள் தலைக்கு மேலே குடையைப் பிடிக்க, தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். மழை என்றால் அது மழை. மருந்துத் தண்ணீர் வாங்குவதற்குக் கொண்டுபோன போத்தல் வழியிலேயே பாதி நிறைந்துவிட்டது.

பங்களா வளைவில் துரையின் ஜீப் வந்தது.

துரையின் வண்டி வந்தால் ரோட்டை விட்டு இறங்க வேண்டும், குடையிருந்தால் மடக்க வேண்டும், செருப்பிருந்தால் கழற்ற வேண்டும். எங்கும் எழுதியிருக்கவில்லை. யாரும் சொல்லித் தந்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா கானில் இறங்கினார், குடையை மடக்கினார். நாங்களும் இறங்கினோம். ரோடு மோசம். ஜீப் குண்டுங்குழியில் ஆடி ஆடி வந்து எங்களைத் தாண்டிப் போக நெடுநேரம் எடுத்தது. அக்கா என் தோளில் தலையை வைத்து நடுங்கினாள். அவள் பல் அடிக்கிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. துரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வாயில் சுருட்டை வைத்துக்கொண்டு ஏதோ காகிதம் வாசித்துக்கொண்டு போனார்.

பார்த்து அதட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. பார்க்காத ஒருவனுக்காக அப்பா குடையை மடக்கினார்.

ஜீப் போன பிறகு அப்பா மறுபடி குடையை விரித்தார்.

"நனைஞ்ச பொறவு எதுக்குப்பா குடை?" என்றாள் அக்கா.

அந்தக் காய்ச்சல் நெஞ்சுச் சளியாகி மூன்று மாதம் அவளைப் படுக்கையில் போட்டது.

இரண்டு வருடத்தில் தோட்டத்தை விட்டு ஓடினேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். மத்திய கிழக்கில் கட்டிட வேலை, தகரப் பெட்டிக்குள் பன்னிரண்டு பேர் படுக்கை. சைப்பிரஸில் ஆட்டுப்பட்டி. பிறகு கடல் வழியாக இங்கே. பசி, குளிர், பொலிஸ் எல்லாம் உண்டு, எல்லோருக்கும் உள்ளதுதான். இத்தனை தேசத்திலும் ஒரு தரம்கூட எவன் வண்டிக்கும் நான் குடை மடக்கியதில்லை. அது என்னை விட்டுப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். தேயிலை மாதிரி வரிசை வரிசையாகப் பச்சை, ஈரம், வளைவு, ஜீப் சத்தம். இது நாலும் ஒன்றாகச் சேர்கிற வரைக்கும் காத்திருந்திருக்கிறது.

3

மேல் கோட்டை பெரிய கல்லுக் கட்டிடம். ஒரு காலத்தில் இந்த மலை வேறு ராச்சியத்தின் எல்லையாம். கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சை, நடுவில் ஆறு. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. சுவரில் ஒரு பலகை. கட்டிய எஞ்சினியரின் பெயர், சுவரின் தடிப்பு, பீரங்கி வைத்த இடம் எல்லாம் எழுதி, கடைசியில், இந்தக் கோட்டையிலிருந்து ஒரு குண்டும் சுடப்படவில்லை என்று இருந்தது. தர்ஷினி எனக்கு வாசித்துச் சொன்னாள். இத்தனை கல்லையும் யார் தூக்கிக்கொண்டு ஏறினார்கள் என்று கேட்டேன். அது எழுதவில்லை என்றாள்.

எங்கள் பங்களாவுக்குக் கோட்டையும் கிடையாது, மதிலும் கிடையாது. இடுப்பளவு செம்பருத்தி வேலி. ஒரு ஆடு தாண்டிவிடும். எங்கள் அப்பா தாண்டமாட்டார்.

சுவரோரமாக உட்கார்ந்தோம். அவள் தன் போனில் படங்களைக் காட்டினாள். பங்களாவின் முன் அறை, கணப்பு, நாலு தூண் கட்டில், வெள்ளைத் துணி.

"எவ்வளவு சுத்தம் பாருங்க. என்ன பிரச்சினை உங்களுக்கு? நீங்க பொறந்த எடம்தானே? நான் பாக்க வேணாமா?"

"நான் பொறந்தது அங்க இல்ல. அதுக்குக் கீழ."

"சரி, கீழ."

"அந்தத் துணிய தோச்சது ஒன் அத்தை" என்றேன்.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். இத்தாலிய மொழியில் பொரிந்தாள். இதை ஏன் மூன்று கிழமையாகச் சொல்லவில்லை, அத்தை தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று மட்டும் ஏன் சொல்லி வைத்தீர்கள், என்னை மடைச்சியாக்கினீர்கள். எல்லாம் நியாயமான கேள்வி.

"அப்ப நான் அத்தை வீட்டுலயே தங்குறேன்" என்றாள் கடைசியில், தமிழில்.

"அது வீடு இல்லம்மா. லயம். ஒரே கூரைக்குக் கீழ பன்னெண்டு காம்பரா. அத்தைக்கு ஒரு காம்பரா. அதுல ஏற்கனவே நாலு பேரு. கக்கூஸுக்கு மழையில வெளிய நடக்கணும்."

"பங்களாவுலயும் தங்கக் கூடாது. லயத்துலயும் தங்கக் கூடாது. அப்ப என்னதான் வேணும் உங்களுக்கு? நான் போகவே கூடாதா?"

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. எவன்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பிள்ளைமேல் பட்டுக்கொண்டிருந்தேன். ஜீப்புக்கு ஏன் குடை மடக்கினேன் என்று அப்போதுதான் சொன்னேன். அப்பாவை, ஆஸ்பத்திரி ரோட்டை, அக்காவின் கேள்வியை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ரொட்டி காய்ந்து போய்க் கையில் இருந்தது.

முதலாளியிடம் பேனா வாங்கி, கோட்டைச் சுவரில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"ஒன்னே ஒன்னு. அங்க மழை பெய்யும். பங்களா ரோட்டுல எவன் வண்டி வந்தாலும் நீ குடைய மடக்கக் கூடாது. சரியா?"

"நான் ஏன்ப்பா மடக்குறேன்?" என்றாள். நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்.

4

கடிதத்தை நகரசபையில் கொடுத்தபோது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் திருப்பித் தள்ளினாள். அங்கே பொறுப்பாக இருக்கிற உறவினரின் விலாசத்தில் வீட்டு இலக்கம் இல்லையாம்.

"வீட்டு இலக்கம் இல்லை" என்றேன். "நாலாம் லயம், ஏழாம் அறை."

"இது சிறைச்சாலையா?"

"இல்லை. தோட்டம்."

"தெருவின் பெயர்?"

"தெரு இல்லை."

"அப்படியானால் கடிதம் எப்படிப் போய்ச் சேரும்?"

"தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அவர்களுக்கு மனம் வந்தால் கொடுப்பார்கள்."

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். இந்தப் பார்வையைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். கொம்பியூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றாள். தர்ஷினி போனில் தேடி, பங்களாவின் விலாசத்தைக் காட்டினாள். இலக்கம் ஒன்று, பங்களா ரோடு. உடனே திறந்தது.

நான்கு தலைமுறையாக அந்த மலையில் இருக்கிறோம். அக்காவுக்கு ஒரு விலாசம் கிடைத்தது அன்றைக்குத்தான். அதுவும் அவள் கக்கூஸ் கழுவுகிற கட்டிடத்தின் விலாசம்.

5

ஜனவரியில் அக்கா போன் எடுத்தாள். லயத்துக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறினால்தான் சிக்னல். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"டேய், ஒம் மக பண்ணுனத சொன்னாளா?"

தர்ஷினி கொஞ்சம் சொல்லியிருந்தாள். அக்காவை முன் வாசலால் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சாப்பாட்டு மேசையில் தன் பக்கத்தில் உட்காரவைத்ததைச் சொன்னாள். படமும் காட்டினாள். நாற்காலி நுனியில், கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அக்கா. முன்னால் சூப்புக் கோப்பை.

"சூப்பு உப்பே இல்லடா. அது கெடக்கு. குடைக் கத தெரியுமா ஒனக்கு?"

"சொல்லு."

"லயத்துலருந்து பங்களாவுக்கு ரெண்டு பேரும் போறோம். நல்ல மழ. ஒரே குடை, அவதான் புடிச்சிருக்கா. வளைவுல இப்ப இருக்கிற துரையோட ஜீப்பு. நான் டக்குனு எறங்கப் பாத்தேன், குடைக்குக் கைய நீட்டுறேன். ஒம் மக கம்ப விடல. 'நில்லுங்க அத்தை'ங்கிறா. ஒரு கையில குடை, ஒரு கையில என் இடுப்பு. இரும்பு மாதிரி புடி. ஜீப்புக்காரன் ஹோன் அடிக்கிறான், அடிக்கிறான். இவ நடு ரோட்டுல நடந்துக்கிட்டே இருக்கா. எனக்கு ஒன்னுக்கு வந்துரும் போல ஆயிருச்சுடா."

"பொறவு?"

"பொறவு என்னா? ஜீப்பு எறங்குச்சு! ரெண்டு வீலும் கானுக்குள்ள! சேத்த வாரி அடிச்சிக்கிட்டு, சாஞ்சு சாஞ்சு எங்கள தாண்டிப் போச்சு. துரை இந்த தடவ திரும்பிப் பாத்தாருடா. கழுத்து சுளுக்குற அளவுக்குப் பாத்தாரு."

அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அன்னைக்கு நனைஞ்சது நான்தானேடா" என்றாள். "இந்த தடவ நனையல."

சிரிப்பு அடங்கிய பிறகு, சாதாரணமாக, கறிக்கு உப்புப் போட்டேன் என்பது போலச் சொன்னாள்.

"புள்ளைங்க கெளம்பிப் போன மறுநாள் பங்களாவுக்கு வர வேணாம்னுட்டாங்க. திரும்பவும் கொழுந்துக்கு. காலையில பெரட்டுக் களத்துக்குப் போயி பேர குடுத்துட்டு மேல் மலைக்கு ஏறுறேன்."

"என்ன சொன்னாங்க? ஏன்னு சொன்னாங்களா?"

"காரணம் சொல்லுவாங்களாடா? வேணாம்னா வேணாம்."

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சில் அந்தப் பழைய சளி இன்னும் இருக்கிறது. மேல் மலை செங்குத்து. குளிரிலும் அட்டையிலும் இத்தனை வருடம் கிடந்து, கடைசியில் கூரைக்குக் கீழே ஒரு வேலை கிடைத்திருந்தது. நான் ஒரு சொல் சொல்லி, பிள்ளை ஒரு வளைவு நடந்து, அது போயிற்று. கோபத்தை நான் இங்கிருந்து அனுப்பினேன். அதைச் சுமப்பது அவள்.

"அக்கா, தப்பு என்மேலதான்."

"போடா. ஒன்னையும் நம்ம அப்பனையும் போல எத்தன நாளைக்குத்தான் தப்பு தப்புன்னுக்கிட்டு இருக்கிறது? மூச்சு வாங்குது, வைக்கிறேன்."

6

மகளிடம் இதைச் சொல்லாமல் விடலாம் என்று என் மனைவி சொன்னாள். ஒரு தரம் மறைத்துப் பட்டது போதும் என்று நான் சொல்லிவிட்டேன்.

தர்ஷினி முதலில் அழுதாள். பிறகு விடுதிக்கு எழுதுகிறேன், இணையத்தில் எல்லோருக்கும் தெரியப்படுத்துகிறேன் என்று குதித்தாள். எழுதினால் அத்தைக்குக் கொழுந்து வேலையும் இருக்காது என்றேன்.

"அப்ப நான் குடைய மடக்கியிருக்கணுமா?"

இங்கே வளர்ந்த பிள்ளை. கேள்வி கேட்டால் பதில் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பழக்கியிருக்கிறார்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மடக்கியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கு, மேல் மலைக்கு ஏறுவது நானல்ல.

"எனக்குத் தெரியல" என்றேன். அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அத்தை சூப்போடு உட்கார்ந்திருக்கிற படம் அவள் மேசைக்கு மேலே இன்னும் ஒட்டியிருக்கிறது. கழற்றவில்லை.

இது மார்ச் மாதம். கொடிகளுக்குக் கவ்வாத்து நடக்கிறது. போன கிழமை மழையில் கத்திரியையும் குடையையும் எடுத்துக்கொண்டு அந்த இலகுவான நடைப் பாதையால் மேல் வரிசைக்கு ஏறினேன். வளைவில் ஜீப் சத்தம். கிழவர்தான் என்று தெரியும். அவர் நல்ல மனுஷன் என்றும் தெரியும். இரண்டு கையாலும் குடைக் கம்பை இறுக்கிப் பிடித்தேன், மகள் அக்காவின் இடுப்பைப் பிடித்த மாதிரி. விரல் வெளுத்துவிட்டது. குடை மடங்கவில்லை.

கிழவர் கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் காலில் குளிர் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். தலைக்கு மேலே குடை விரிந்தபடி இருந்தது. கால் இரண்டும் கானுக்குள் நின்றன.